டிராக்டர் வால்வுக்கு இடைவெளி வைப்பது எப்படி?

(பண்ணை நிகழ்ச்சியில் ஒலிபரப்பான வானொலிப் பேச்சு)



இன்றைக்கு உரத்தைப் பற்றியோ விதை நேர்த்தியைப் பற்றியோ நான் பேசப் போவதில்லை. உங்கள் கொட்டகையில் நிற்கிறதே ஒரு பழைய டிராக்டர், அதைப் பற்றிப் பேசப் போகிறேன். அதிலும் ஒரே ஒரு சங்கதிதான். எஞ்சினின் தலைமாட்டில், மூடிக்கு அடியில் இருக்கிற வால்வுகளுக்கு இடைவெளி வைப்பது. பட்டறையில் இதை 'டேப்பட் செட்டிங்' என்பார்கள்.

"வேளாண்மை படிச்ச ஆளுக்கு எஞ்சின் சமாச்சாரம் எதுக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் அரைகுறையாகத் தெரிந்துகொண்டு யோசனை சொல்லி, ஒருவருக்கு நஷ்டம் உண்டாக்கியவன். அந்த விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் பணியில் சேர்ந்த இரண்டாவது வருஷம். கரிசல் காட்டில் ஒரு கிராமம். புரட்டாசி மழை விழுந்து, ஊரே ஏரும் டிராக்டருமாக அலைந்த நேரம். ஒரு பெரியவர் தன் வண்டியைக் காட்டி, "சார், மேலே டிக் டிக்குன்னு ஒரு சத்தம் வருது. மெக்கானிக் ரெண்டு நாளா வரலை. உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?" என்று கேட்டார். எனக்குக் கொஞ்சம் தெரியும். "அது டேப்பட் சத்தம் அண்ணாச்சி. மூடியைக் கழத்தி, சத்தம் நிக்கிற மட்டும் ஸ்குரூவை முறுக்குங்க, சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிவிட்டேன்.

அவரும் அப்படியே செய்தார். சத்தம் நின்றது. எஞ்சின் தையல் மிஷின் மாதிரி ஓடியது. மறுவாரம் போனபோது எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார்.

சொந்த உழவும் வாடகை உழவுமாக நாள் முழுக்க ஓடின வண்டி. பன்னிரண்டாம் நாள் இழுவை குறைந்தது. அடுத்த நாள் காலையில் ஸ்டார்ட் ஆகவே இல்லை. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால், இரண்டு எக்ஸாஸ்ட் வால்வுகளின் விளிம்பு, அப்பளத்தைக் கடித்து வைத்த மாதிரி கருகிப் போயிருந்தது. வால்வு வாங்கி, சீட்டைத் தேய்த்து, வண்டி திரும்பி வர ஒன்பது நாள் ஆயிற்று. அதற்குள் மேல் ஈரம் காய்ந்துவிட்டது. ஏழு ஏக்கரில் நாலு ஏக்கர்தான் அந்த வருஷம் அவரால் விதைக்க முடிந்தது. மூன்று ஏக்கர் சும்மா கிடந்தது.

அவர் என்னை ஒரு சொல் திட்டவில்லை. "சத்தம் நின்னா சரியாப் போச்சுன்னு நெனச்சிட்டோம் சார், ரெண்டு பேரும்" என்றார். 'ரெண்டு பேரும்' என்று அவர் சொன்னது அவருடைய பெரிய மனசு. யோசனை சொன்னவன் நான் ஒருவன்தான். அதற்குப் பிறகுதான் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் போய் நின்று, இந்த வேலையை முறையாகக் கற்றுக்கொண்டேன். கற்றதை இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

இடைவெளி எதற்கு?

வால்வு என்பது சிலிண்டருக்கு ஒரு கதவு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு கதவு உண்டு. காற்று உள்ளே வருகிற கதவு இன்லெட். புகை வெளியே போகிற கதவு எக்ஸாஸ்ட். இந்தக் கதவுகளைத் திறப்பது ராக்கர் என்கிற சின்ன இரும்புக் கை. நம் கிணற்று ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மேலே போனால் மறுபக்கம் கீழே இறங்கும் அல்லவா? அதே மாதிரி, கீழேயிருந்து புஷ் ராடு என்கிற கம்பி ராக்கரின் ஒரு முனையைத் தூக்கும். மறுமுனை இறங்கி வால்வின் தலையை அழுத்தும். கதவு திறக்கும். கம்பி இறங்கினதும் ஸ்பிரிங் கதவைத் தானே மூடிவிடும்.

எஞ்சின் நிமிஷத்துக்கு 1,500 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வால்வும் நிமிஷத்துக்கு 750 தடவை திறந்து மூடும். எட்டு மணி நேர உழவில் மூன்று லட்சத்து அறுபதாயிரம் தடவை. இத்தனை தடவையும் அது முழுசாக மூட வேண்டும்.

ராக்கர் முனைக்கும் வால்வுத் தலைக்கும் நடுவே ஒரு சின்னச் சந்து விட்டிருப்பார்கள். அது எதற்கு? இதற்குப் பதில் நம் ஊர் ஆசாரி பட்டறையிலேயே இருக்கிறது. மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். இரும்புப் பட்டையை நெருப்பில் காய்ச்சினால் அது விரியும். சக்கரத்தின் மேல் சுலபமாக ஏறும். தண்ணீர் ஊற்றினால் சுருங்கிக் கவ்விக்கொள்ளும். ஒரு மீட்டர் நீளமுள்ள இரும்புக் கம்பி 100 டிகிரி சூடேறினால் ஒரு மில்லி மீட்டருக்குச் சற்று அதிகமாக நீளும். வால்வும் இரும்புதான். அதிலும் எக்ஸாஸ்ட் வால்வு, எரிகிற புகையிலேயே நிற்பது. பாரம் இழுக்கும்போது அதன் சூடு 600 டிகிரியைத் தாண்டும். அப்போது அது நீளும். நீளுவதற்கு இடம் வேண்டாமா? அந்த இடம்தான் இந்தச் சந்து.

சத்தம் போடுவதும் போடாததும்

சந்து அதிகமானால் என்ன ஆகும்? ராக்கர் ஒவ்வொரு தடவையும் வால்வின் தலையில் ஓங்கித் தட்டும். அதுதான் டிக் டிக் சத்தம். வால்வு தாமதமாகத் திறக்கும், சீக்கிரம் மூடிவிடும், முழு அளவுக்குத் திறக்காது. காற்று வரத்து குறையும். கொஞ்சம் இழுவை குறையும். தட்டித் தட்டி ராக்கர் முனையும் தேயும். கெடுதல்தான். ஆனால் மெதுவான கெடுதல். அதுவும் சத்தம் போட்டு நம்மைக் கூப்பிட்டுச் சொல்கிறது.

சந்து இல்லாமல் போனால்? சூடாகி நீண்ட வால்வு ராக்கரில் முட்டிக்கொள்ளும். கதவு முழுசாக மூடாது. வால்வு தன் சூட்டின் பெரும்பங்கை, மூடியிருக்கிற நேரத்தில், தன் சீட்டின் வழியாகத்தான் ஹெட்டுக்கும் தண்ணீருக்கும் இறக்கி வைக்கிறது. சரியாக உட்காராவிட்டால் சூடு இறங்க வழியில்லை. போதாததற்கு, எரிகிற வாயு அந்த மயிரிழைச் சந்து வழியாகச் சீறிக்கொண்டு போகும். விளிம்பு கருகும், பள்ளம் விழும். ஒரு தடவை பள்ளம் விழுந்துவிட்டால் பிறகு எந்தத் திருகு திருகினாலும் பிரயோசனம் இல்லை. ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

இவ்வளவும் நடக்கும்போது மேலே சத்தமே இருக்காது. இதைத்தான் நான் அன்றைக்குத் தெரிந்துகொள்ளாமல் இருந்தேன். தளர்ந்த வால்வு சத்தம் போடும். இறுகின வால்வு சத்தம் போடாமல் எரியும். ஆகவே காதை வைத்து இந்த வேலையைச் செய்யக் கூடாது. அளவு பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

அளவு எவ்வளவு?

அளவு எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். உங்கள் வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் போட்டிருக்கும். புத்தகம் தொலைந்திருந்தால் அந்தக் கம்பெனி டீலரிடம் மாடலைச் சொல்லிக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு வண்டியின் அளவை உங்கள் வண்டிக்கு வைக்காதீர்கள்.

உதாரணத்துக்கு ஒன்று சொல்கிறேன். நம் பக்கத்தில் பழைய மாஸி பெர்குசன் டிராக்டர்கள் நிறைய உண்டு. 1960-ல் சென்னையில் தொடங்கின டாஃபே கம்பெனியின் வண்டிகள். இந்தக் குடும்பத்துப் பழைய 35 குதிரைசக்தி வண்டிகளில் பெர்கின்ஸ் வகை மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின் இருக்கும். அந்த எஞ்சினுக்கு, குளிர்ந்திருக்கும்போது 0.012 அங்குலம், அதாவது 0.30 மில்லி மீட்டர். நன்றாகச் சூடாகியிருக்கும்போது 0.010 அங்குலம், அதாவது 0.25 மில்லி மீட்டர். சூடானால் சந்து குறைகிறது என்று நான் சொன்னதற்கு இந்த இரண்டு எண்களே சாட்சி.

செய்தித்தாளை நாலு தாள் அடுக்கினால் வருகிற கனம்தான் ஏறக்குறைய அந்த 0.30. அதற்காகத் தாளை வைத்து அளக்காதீர்கள், அழுத்தினால் நசுங்கிவிடும். இதற்கென்றே ஃபீலர் கேஜ் என்று ஒன்று விற்கிறது. கடையில் 'பில்லர் கேஜ்' என்று கேட்டாலும் கொடுப்பார்கள். பேனாக்கத்தி மாதிரி விரிகிற மெல்லிய இரும்புத் தகடுகள். ஒவ்வொன்றிலும் அதன் கனம் பொறித்திருக்கும். அங்குலமா, மில்லி மீட்டரா என்று பார்த்து வாங்குங்கள். 

வேலை தொடங்கும் முன்

முதல் நாள் சாயங்காலமே வண்டியைச் சமதரையில் நிறுத்திவிடுங்கள். காலையில், எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது வேலையைத் தொடங்குங்கள். பாதிச் சூட்டில் எந்த அளவும் சரியாக இராது. கியரை நியூட்ரலில் போட்டு, கை பிரேக்கைப் பிடித்து, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் அண்டை கொடுங்கள். எஞ்சினை நிறுத்துகிற பிடியை வெளியே இழுத்து வையுங்கள், டீசல் போகாது. பேட்டரியின் ஒரு ஒயரைக் கழற்றிவிடுங்கள். உங்கள் கை உள்ளே இருக்கும்போது சின்னப் பையன் ஒருவன் சாவியைத் திருகினால் விரல் போய்விடும்.

மூடியைச் சுற்றியுள்ள புழுதியையும் வைக்கோல் தூசியையும் துடைத்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். உள்ளே விழுகிற மண் ஆயிலோடு போய் எல்லாவற்றையும் அறுக்கும். மூடிக்கு அடியில் இருக்கிற கேஸ்கட்டைக் கிழிக்காமல் எடுத்து வையுங்கள்.

மூடியைத் திறந்தால் வரிசையாக ஆறு ராக்கர் தெரியும். ரேடியேட்டர் பக்கத்து இரண்டு முதல் சிலிண்டருக்கு, நடு இரண்டு இரண்டாவதுக்கு, டிரைவர் பக்கத்து இரண்டு மூன்றாவதுக்கு. இதில் இன்லெட் எது, எக்ஸாஸ்ட் எது? சைலன்சர் குழாய் ஹெட்டில் எந்தத் துளைக்கு நேரே சேர்கிறதோ அது எக்ஸாஸ்ட். சாக்கட்டியால் குறி போட்டுக்கொள்ளுங்கள். சில எஞ்சின்களில் இரண்டுக்கும் அளவு வேறு வேறாக இருக்கும், அதனால்தான் இது தெரிய வேண்டும்.

வால்வு எப்போது சும்மா இருக்கும்?

இந்த வேலையில் பலர் தவறுகிற இடம் இதுதான். ஆகையால் நிதானமாகக் கேளுங்கள். வால்வு முழுக்க மூடி, ராக்கர் சும்மா இருக்கிற நேரத்தில்தான் சந்தை அளக்க வேண்டும். அந்த நேரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

முன்பக்கம் கிராங்க் புல்லியின் நட்டில் ஸ்பேனரைப் போட்டு, எஞ்சின் ஓடுகிற திசையிலேயே மெதுவாகத் திருப்புங்கள். இந்த எஞ்சினில் முன்னால் நின்று பார்த்தால் அது கடிகார முள் சுற்றுகிற திசை. எதிர்த் திசையில் திருப்பினால் நட்டு தளர்ந்துவிடும். நடுவில் ஓர் இடத்தில் கெட்டியாக நிற்கும். அது கம்ப்ரஷன். அவசரப்படாமல் அழுத்திப் பிடித்தால் காற்று இறங்கி, இடம் கொடுக்கும்.

திருப்பும்போது ஒரு ஆளை முதல் சிலிண்டரின் இரண்டு ராக்கரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஓர் இடத்தில் எக்ஸாஸ்ட் ராக்கர் இறங்கியிருந்து மேலே எழும்பி முடிக்கும். அது முடிக்கிற அதே நேரத்தில் இன்லெட் ராக்கர் இறங்கத் தொடங்கும். தராசுத் தட்டு மாதிரி ஒன்று ஏற, ஒன்று இறங்கும். இந்த இரண்டும் சேர்ந்தாற்போல் அசைவது அந்த ஒரு இடத்தில்தான். அங்கே நிறுத்துங்கள். புல்லியிலும் அதற்கு நேரே எஞ்சின் உடம்பிலும் சாக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள்.

இப்போது புல்லியைச் சரியாக ஒரு முழுச் சுற்று திருப்பி, கோடும் கோடும் சேரும்படி நிறுத்துங்கள். முதல் சிலிண்டரின் இரண்டு வால்வும் இப்போது மூடியிருக்கும். இரண்டு ராக்கரையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். லேசாக ஆடினால் இடம் சரி. ஆடாவிட்டால் உடனே திருகிவிடாதீர்கள். கோடு சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு அளவு எடுங்கள். இடம் சரியாக இருந்தும் ஆடாத வால்வு இருக்குமானால், நாம் தேடி வந்த ஆபத்து அதுதான்.

அளப்பதும் திருகுவதும்

0.30 தகட்டைத் துடைத்து, ராக்கர் முனைக்கும் வால்வுத் தலைக்கும் நடுவே நுழையுங்கள். சாய்க்காமல் நேராக நுழைக்க வேண்டும். கனத்த கணக்குப் புத்தகத்துக்குள் இருக்கிற ஒரு தாளை உருவினால் லேசாகப் பிடித்துக்கொண்டு வருமே, அந்தப் பிடிமானம் இருக்க வேண்டும். லொடலொடவென்று போனால் சந்து அதிகம். நுழையவே இல்லை என்றால் குறைவு. சந்தேகமாக இருந்தால், 0.25 தகடு தாராளமாகப் போக வேண்டும், 0.35 போகக் கூடாது.

திருத்த வேண்டும் என்றால், ராக்கரின் மறுமுனையில் ஒரு ஸ்குரூவும் அதைப் பூட்டுகிற லாக் நட்டும் இருக்கும். திருப்புளியால் ஸ்குரூவைப் பிடித்துக்கொண்டு, ஸ்பேனரால் நட்டைத் தளர்த்துங்கள். ஸ்குரூவை வலப்பக்கம் திருகினால் சந்து குறையும், இடப்பக்கம் திருகினால் கூடும். தகட்டை உள்ளே வைத்தபடியே கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகித் திருகிப் பாருங்கள். சரியான பிடிமானம் வந்ததும் ஸ்குரூ அசையாமல் திருப்புளியால் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள்.

இறுக்கின பிறகு மறுபடியும் தகட்டை விட்டுப் பார்ப்பது அவசியம். நட்டை இறுக்கும்போது அளவு மாறிவிடும். முதல் தடவையில் யாருக்கும் சரியாக வராது. மூன்று தடவை, நாலு தடவை ஆனாலும் பொறுமையாகச் செய்யுங்கள். ஒரு மயிரிழை கூடிப் போனால் பரவாயில்லை. குறைந்து போகக் கூடாது.

இதே மாதிரி இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவது சிலிண்டருக்கும் தனித்தனியாக அந்தத் தராசு இடத்தைக் கண்டுபிடித்து, புதுக் கோடு போட்டு, ஒரு சுற்று திருப்பி, அளவு வையுங்கள். ஆறும் முடிந்ததும் எஞ்சினை இரண்டு மூன்று சுற்று கையால் திருப்பி, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒரு தடவை சரிபாருங்கள். ஸ்பேனர், துணி, நட்டு எதுவும் உள்ளே இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு மூடியைப் போடுங்கள். ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மூடி ஓரம் ஆயில் கசிகிறதா என்று பாருங்கள். லேசான டிக் டிக் சத்தம் ஒரே சீராக வந்தால் பயப்பட வேண்டாம். பழைய எஞ்சினில் அது இருக்க வேண்டிய சத்தம்தான்.

நோட்டில் எழுதி வையுங்கள்

ஒரு பழைய நோட்டு எடுத்து, தேதி போட்டு, ஒவ்வொரு வால்விலும் திருத்துவதற்கு முன் எவ்வளவு சந்து இருந்தது என்று எழுதுங்கள். முன் இருந்த அளவுதான் முக்கியம். ராக்கர் முனை தேய்ந்தால் சந்து கூடும். வால்வும் சீட்டும் தேய்ந்து வால்வு உள்ளே அமிழ்ந்தால் சந்து குறையும். ஒரே வால்வில் ஒவ்வொரு தடவையும் சந்து குறைந்துகொண்டே வருகிறது என்று நோட்டு சொன்னால், அந்த வால்வு போகப் போகிறது என்று அர்த்தம். வேலை இல்லாத மாசத்தில் ஹெட்டைக் கழற்றிப் பார்த்துவிடலாம். மழை விழுந்த மறுநாள் பட்டறை வாசலில் நிற்க வேண்டியதில்லை.

எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பது வண்டிப் புத்தகத்தில் இருக்கும். மணி காட்டுகிற மீட்டர் ஓடாத வண்டி என்றால், பருவ உழவு தொடங்குமுன் வருஷத்துக்கு ஒரு தடவையாவது கட்டாயம் பாருங்கள். ஹெட்டைக் கழற்றி மாட்டினால் அதற்குப் பிறகும் பார்க்க வேண்டும்.

எப்போது மெக்கானிக்கிடம் போக வேண்டும்?

அளவு சரியாக வைத்தும் காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்பட்டால், சைலன்சரிலோ ஏர் கிளீனரிலோ புஸ் புஸ் என்று தாளம் தப்பாமல் காற்று சீறினால், வால்வு ஏற்கெனவே கருகியிருக்கலாம். ராக்கர் முனையில் குழி விழுந்திருந்தால் தகடு குழியின் மேலேயே நின்றுவிடும், உள்ளே இருக்கிற உண்மையான சந்து தெரியாது. புஷ் ராடு வளைந்திருந்தாலும் நாம் தொடக் கூடாது. இவை எல்லாம் பட்டறை வேலை. வீட்டில் கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. புதிய கார்கள் பலவற்றில் ஆயில் அழுத்தமே சந்தைப் பார்த்துக்கொள்ளும். அங்கே திருகுவதற்கு ஒன்றும் கிடையாது.

அந்தக் கரிசல் காட்டுப் பெரியவர் அடுத்த வருஷம் ஆவணியிலேயே எனக்குச் சொல்லி அனுப்பினார். போனேன். அவர் கையில் புது ஃபீலர் கேஜ். "இந்தத் தடவை காதை நம்ப வேண்டாம் சார், இதை நம்புவோம்" என்றார். இரண்டு பேரும் உட்கார்ந்து ஆறு வால்வுக்கும் அளவு வைத்தோம். அந்த வருஷம் ஏழு ஏக்கரும் விதைத்தார்.

விவசாயப் பெருமக்களே, வண்டி குளிர்ந்திருக்கும்போது, வால்வு மூடியிருக்கும்போது, தகடு வைத்து அளந்து, எழுதி வைத்துச் செய்யுங்கள். ஒரு காலை நேர வேலைதான். உழவு நேரத்தில் வண்டி உங்களைக் கைவிடாது.